நேர்கோட்டைக் கேட்காமல் போட்ட துளை

இன்ஸ்பெக்‌ஷன் பெஞ்சுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்லியிருப்பார்கள்: யாரையும் நம்பாதே, அளந்து பார். ஓசூரில் முப்பது வருடத்துக்கு மேல் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தரப் பிரிவில் இருப்பவனுக்குச் சந்தேகம்தான் சோறு போடுகிறது. எனக்கு அந்தச் சந்தேகம் பிறவியிலேயே கொஞ்சம் கூடுதல். புது வெர்னியர் வாங்கினால் பழைய வெர்னியர் காட்டும் அளவோடு ஒத்துப் பார்ப்பேன். பிறகு பழையதன் மேல் சந்தேகம் வந்து இரண்டையும் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போய் அளவுக் கட்டைகளில் சோதிப்பேன். கேண்டீனில் சாம்பார் தண்ணீராக இருந்தால் சமையல்காரரை விட்டுவிட்டுப் பருப்பு வாங்கிவந்தவரை முறைப்பேன். "உங்க கண்ணுக்கு எல்லாருமே ரிஜெக்ட் பீஸ்தான்" என்று வீட்டில் சொல்வார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு தவறும் செய்யாத ஒரு பெண்ணின் வேலையைப் போக்கியிருக்கிறேன். நான் ஓய்வு பெற்று இப்போது கொஞ்ச காலமாகிறது. இந்தக் கதையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் பெயர் ஸ்டெல்லா. மத்திகிரிப் பக்கம் குடியிருந்தார். கணவர், இரண்டு பிள்ளைகள், இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த மாமியார். எங்கள் பெஞ்சில் காண்ட்ராக்டில் ஆறு வருடமாக வேலை பார்த்தார். அந்த வருடம் நிரந்தரம் செய்யப்போகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பட்டியலை எழுதிக் கொடுத்ததே நான்தான். நிரந்தரமானால் மருத்துவக் காப்பீட்டில் மாமியாரையும் சேர்க்கலாம் என்று அவர் காத்திருந்தது எனக்குத் தெரியும்.

வந்த வேலை ஒரு பம்பின் மூடித் தட்டு. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வட்டமான தட்டு. நடுவில் பொருத்திப் பிடிக்க ஒரு சின்னத் துளை ஏற்கனவே இருக்கும். அதைத் தவிர இரண்டு துளைகள். ஒரு துளையில் எண்ணெய் வரும், மற்றதில் போகும். நடுவே எண்ணெய் ஓட நேராக ஒரு பள்ளம், அதை க்ரூவ் என்போம். துளை போடுவது எங்கள் வேலை. க்ரூவ் வெட்டுவது கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் இருந்த ஒரு சின்ன யூனிட். பிறகு இரண்டும் முடிந்த தட்டு வாடிக்கையாளரிடம் போகும்.

டிராயிங்கில் துளைகளின் இடம் எண்ணாக இல்லை. தட்டின் நடுப்புள்ளி பூஜ்யம். அதைச் சுற்றி இருபத்தைந்து மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். குறுக்கே சாய்ந்து போகும் ஒரு நேர்கோடு, அதுதான் க்ரூவ் வரும் வழி. கோடு வட்டத்தை வெட்டும் இரண்டு இடங்களிலும் துளை போடவேண்டும். இதைக் கம்ப்யூட்டரில் வரைந்தால் அதுவே புள்ளிகளைச் சொல்லிவிடும். ஆனால் அன்று உகாதிக்கு முந்தின நாள். எங்கள் புரோகிராமர் ஊருக்குப் போய்விட்டார், கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. மெஷின் சும்மா நின்றது. "பத்தாங்கிளாஸ் கணக்குதானே, நான் போட்டுத் தரேன்" என்று, வேலையோடு வரும் ஜாப் கார்டு ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டேன்.

கணக்கை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். கோட்டின் சமன்பாடு y = x − 5. வட்டத்தின் சமன்பாடு x² + y² = 625. முதலாவது நேரியல், இரண்டாவது இருபடி. y இருக்கும் இடத்தில் x − 5 என்று போட்டால் 2x² − 10x − 600 = 0 என்று வரும். இரண்டால் வகுத்தால் x² − 5x − 300 = 0. காரணிப்படுத்தினால் (x − 20)(x + 15) = 0. ஆக x இருபது அல்லது கழித்தல் பதினைந்து. இதுவரை எல்லாம் சரி.

அடுத்து y வேண்டும். இங்கேதான் கால் தவறினேன். x-ஐக் கொண்டுபோய்க் கோட்டின் சமன்பாட்டில் போட்டிருக்க வேண்டும். நான் வட்டத்தின் சமன்பாட்டில் போட்டேன். ஏன் என்று கேட்டால், துளை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் பெஞ்சில் இருந்த கேஜ் வட்டத்தை மட்டும் பார்க்கிற கேஜ். நடுவில் ஒரு பின், அதிலிருந்து இருபத்தைந்து மில்லிமீட்டரில் இன்னொரு பின். கையில் எந்தக் கேஜ் இருக்கிறதோ அதற்கு ஏற்றபடியேதான் தரப் பிரிவுக்காரன் மூளை ஓடும். x இருபது என்றால் y² = 225, y பதினைந்து. இது சரியான புள்ளி, ஆனால் தற்செயலாக வந்த சரி. அந்தத் தைரியத்தில் அடுத்ததையும் அப்படியே போட்டேன். x கழித்தல் பதினைந்து, y² = 400, y இருபது. வர்க்கமூலம் எடுக்கும்போது கழித்தல் இருபதும் உண்டு என்பது கையெழுத்துப் போடும் அவசரத்தில் மறந்துபோனது. சரிபார்க்கவும் செய்தேன். 225, 400, கூட்டினால் 625. அடிக்கோடு இரண்டு போட்டு எழுந்தேன்.

முதல் பீஸ் வந்தது. நடுப்புள்ளியிலிருந்து பார்த்தால் இரண்டு துளைகளும் மூலைமட்டம் வைத்தது போல அழகாக நின்றன. கேஜ் இரண்டிலும் இறங்கியது. ஸ்டெல்லா கையெழுத்திட்டார், நானும் போட்டேன். இருநூறு தட்டுகள் துளையிட்டு எல்லை தாண்டிப் போயின.

இரண்டு வாரம் கழித்து அத்தனையும் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தன. க்ரூவ் முதல் துளையிலிருந்து கிளம்பி நேராகப் போகிறது. முடிகிற இடத்தில் துளை இல்லை. இரண்டாவது துளை தட்டின் வேறொரு பக்கத்தில் தனியாக நிற்கிறது. எண்ணெய்க்குப் போக வழியில்லை.

உடனே அத்திப்பள்ளி யூனிட்டைத்தான் சந்தேகப்பட்டேன். க்ரூவைக் கோணலாக வெட்டிவிட்டார்கள் என்றேன். அந்த யூனிட் பொறுப்பாளர் மஞ்சுநாத் போனில் நிதானமாகச் சொன்னார்:

"சார், நமக்குக் குடுத்த டிராயிங்ல ரெண்டாவது ஓட்டையே இல்லா சார். நடுவுல பின், மொதல் ஓட்டைல பின், கோணம் வெச்சு வெட்டினோம். அஷ்டே, அவ்ளோதான். நீங்களே அளந்து பாருங்க."

"அளக்கத்தான் போறேன்" என்றேன்.

அவர் இவ்வளவு நிதானமாகப் பேசியதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. தப்பு செய்தவன்தான் தயார் செய்துகொண்டு பேசுவான் என்று தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கு வெளிச்சத்திலேயே தெரிந்தது. அப்போதுதான் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. பத்து நாள் முன்னால் பஸ் ஸ்டாப்பில் ஸ்டெல்லா அந்த யூனிட்டின் வேன் டிரைவரிடம் ஒரு பெரிய காக்கிக் கவரைக் கொடுத்ததைப் பார்த்திருந்தேன். டிராயிங் வைக்கிற அளவுக் கவர். அதோடு ஒரு வதந்தியும் காதில் விழுந்திருந்தது. துளை வேலையையும் தாங்களே எடுத்துக்கொள்ள அந்த யூனிட் வாடிக்கையாளரிடம் பேசுகிறதாம். எனக்குக் கதை முழுசாகிவிட்டது. நம் பேரைக் கெடுக்க, உள்ளே ஆள் வைத்துத் துளை தவறிய பீஸ்களை வேண்டுமென்றே ஓகே செய்ய வைத்திருக்கிறார்கள், க்ரூவையும் கோணலாக வெட்டியிருக்கிறார்கள். இருநூறு தட்டுகளின் ரிப்போர்ட்டிலும் ஸ்டெல்லாவின் கையெழுத்து. என் கையெழுத்து முதல் பீஸில் மட்டும்தான்.

கவர் விஷயத்தை மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். யாரும் என்னைத் தூண்டவில்லை.

மறுநாள் மேனேஜர் அறையில் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு விசாரித்தோம். மேனேஜர், நான், பணியாளர் பிரிவிலிருந்து ஒருவர்.

"பஸ் ஸ்டாப்புல அந்த வேன் டிரைவர்கிட்ட என்னம்மா குடுத்த?" என்று கேட்டேன்.

"எங்க அத்தையோட எக்ஸ்ரே சார்."

"எக்ஸ்ரேவை வேன் டிரைவர் எதுக்குப் பாக்கறாரு?"

"அவரு எங்க நாத்தனார் வூட்டுக்காரருங்க சார். பெங்களூர் ஆஸ்பத்திரில காட்டிட்டு வரேன்னு வாங்கிட்டுப் போனாரு."

நியாயமாக அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். எனக்கோ, ஆக சொந்தக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார், அதையும் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று பட்டது. சந்தேகம் பிடித்தவனிடம் உண்மையைச் சொன்னால் அதையும் அவன் சாட்சியாக எடுத்துக்கொள்வான்.

மேனேஜர், "ரெண்டாவது துளை தப்பான இடத்துல இருக்கறது இருநூறு பீஸ்லயும் உன் கண்ணுல படலையா?" என்றார்.

ஸ்டெல்லா அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "மொதல் பீஸ்லயே சார்கிட்ட கேட்டேனுங்க" என்றார்.

"எங்கிட்டயா? எப்போ கேட்ட?"

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு நினைவில்லை. நடிக்கவில்லை. அவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. மாட்டிக்கொண்டதால் வாயடைத்துப் போனார் என்று எடுத்துக்கொண்டேன். அன்று மாலையே அவருடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். நிரந்தரப் பட்டியலில் அவர் பெயரை நானே அடித்தேன்.

அடுத்த நாள் மதியம் மஞ்சுநாத்தை மடக்குவதற்கான ரிப்போர்ட் தயார் செய்ய உட்கார்ந்தேன். துளையோடு க்ரூவும் கோணல் என்று எண்ணால் காட்ட வேண்டும். ஐந்து தட்டுகளை எடுத்து அளக்கும் மெஷினில் வைத்தேன். க்ரூவின் மேல் ஒரு புள்ளி: x பூஜ்யம், y கழித்தல் ஐந்து. இன்னொரு புள்ளி: x பத்து, y ஐந்து. எந்தப் புள்ளியை எடுத்தாலும் x-ஐவிட y ஐந்து குறைவு. ஐந்து தட்டிலும் அப்படியே. க்ரூவ் இருக்க வேண்டிய கோட்டில்தான் இருந்தது. முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டு அதைச் சரிபார்த்தேன். மெஷினும் சரியாகத்தான் இருந்தது.

சரி, கோட்டில் x கழித்தல் பதினைந்து இருக்கும் இடத்தில் y என்ன என்று பார்த்தேன். கழித்தல் பதினைந்தில் ஐந்து போனால் கழித்தல் இருபது. டிராயரிலிருந்த ஜாப் கார்டை எடுத்துத் திருப்பினேன். என் கையெழுத்தில், இரண்டு அடிக்கோட்டோடு, கூட்டல் இருபது. அந்தப் புள்ளி வட்டத்தின் மேல் இருக்கிறது, கோட்டின் மேல் இல்லை. கணக்கு என்னுடையது. வட்டத்தை மட்டும் பார்க்கிற கேஜைப் பெஞ்சில் வைத்ததும் நான்தான்.

அந்தக் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் முதல் பீஸ் வந்த நாள் நினைவுக்கு வந்தது. ஸ்டெல்லா தட்டையும் டிராயிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சார், இந்த ரெண்டாவது ஓட்டை மேல இருக்குதுங்களே, டிராயிங்ல கோடு கீழதானே போவுது" என்று கேட்டிருந்தார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கேஜ் எறங்குதா இல்லையா? அப்போ கையெழுத்துப் போடும்மா. டிராயிங் படிக்க நான் இருக்கேன்" என்று சொல்லியிருந்தேன். எனக்கு அது ஒரு நொடிப் பேச்சு. மேனேஜர் அறையில் அவர் அவ்வளவு நேரம் என்னைப் பார்த்தது, அதை நானாகச் சொல்வேன் என்று காத்திருந்ததால்தான்.

அவமானம் ஒரு பக்கம், பயம் அதைவிட அதிகம். இதை வெளியே சொன்னால் இருநூறு தட்டுகளும் என் தலையில்தான் விடியும். இங்கே உங்களிடம் பெரிய மனிதன் வேஷம் போட விரும்பவில்லை. அந்தக் கார்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனேன். மறுநாள் முழுவதும் அதே பையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். புரோகிராமர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று ஒரு சமாதானம். டிராயிங் தெளிவாக இல்லை என்று இன்னொரு சமாதானம். அந்தப் பெண்ணுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைக்கும், ஓசூரில் கம்பெனிக்கா பஞ்சம் என்று மூன்றாவது சமாதானம். உலகத்தில் யாரையும் நம்பாத நான் இந்த மூன்றையும் அளந்து பார்க்காமல் நம்பத் தயாராக இருந்தேன்.

மாலையில் டீ குடிக்கும்போது, ஸ்டெல்லாவின் பெஞ்சுக்கு வந்திருந்த புது ஆள் ஒருவர் என்னிடம் வந்து, "சார், அந்தக்கா திருட்டுத்தனம் பண்ணாங்களாமே, நெசமா?" என்று கேட்டார். தப்பாக அளந்தார் என்றிருந்த பேச்சு ஒரே நாளில் திருட்டு என்று ஆகியிருந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போய்க் கார்டைப் பிரித்து மேசைமேல் வைத்தேன்.

மேனேஜர் கணக்கை இரண்டு முறை பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"சார், இத இதோட விட்ருங்க. உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ் இருக்குது. டிராயிங் தெளிவா இல்லைன்னு எழுதிக்கலாம். அந்தம்மா காண்ட்ராக்ட்தானே."

"அவங்க மொதல் பீஸ்லயே கேட்டாங்க சார். நான்தான் வாயடைச்சேன்."

"அது யாருக்குத் தெரியும்?"

"அவங்களுக்குத் தெரியுமே சார்."

அன்றே ரிப்போர்ட் எழுதினேன். கணக்குப் போட்டது யார், எந்தச் சமன்பாட்டில் போட்டது தவறு, கேள்வி கேட்டது யார், கேட்டவரை அடக்கியது யார் என்று நான்கு வரி. ஆங்கிலத்தில் எழுதினால் பூசி மெழுகத் தோன்றும் என்று தமிழில் எழுதினேன். எக்ஸ்ரே கவரைப் பற்றி நான் சொன்னது பொய்ச் சந்தேகம் என்றும் எழுதினேன். எனக்கு மெமோ வந்தது, அந்த வருட ஊதிய உயர்வு போனது. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்டெல்லாவைத் திரும்ப அழைத்தார்கள். மூன்றாம் நாள் வந்தார். பெஞ்சின் முன்னால் எல்லோரும் கேட்கும்படி, "தப்பு என்னோடதும்மா. கேள்வி கேட்டது நீ, ஓகே சொல்ல வெச்சது நான். மன்னிச்சுரு" என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அன்றைய முதல் பீஸைக் கையில் எடுத்தார். அந்த வருடப் பட்டியல் முடிந்துபோயிருந்ததால் நிரந்தரம் அடுத்த வருடம்தான் ஆனது. அந்த ஒரு வருடம் மாமியாரின் வைத்தியத்துக்குக் கைக்காசுதான் போட்டிருக்கிறார். அதை எந்த ரிப்போர்ட்டாலும் நான் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். நான் சொல்ல வருவது இன்னும் சின்ன விஷயம். இரண்டு சமன்பாடு இருந்தால் விடையை இரண்டிலும் போட்டுப் பாருங்கள். இருபடியில் மட்டும் போட்டால் பொய்ப் புள்ளியும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மனிதர்கள் விஷயத்திலும் நான் ஒரு பக்கத்தில் மட்டும் போட்டுப் பார்த்தேன். யாரையாவது சந்தேகப்படும் முன், அந்த வேலையில் உங்கள் கை எங்கே பட்டது என்று முதலில் தேடுங்கள். கீழே இருப்பவர் ஒரு கேள்வி கேட்டால் அதை அப்போதே தாளில் எழுதுங்கள். நினைவை நம்பாதீர்கள், அது நமக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை இரண்டு வருடம் ஸ்டெல்லாவோடு அதே பெஞ்சில் வேலை பார்த்தேன். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நான் எந்த எண்ணைச் சொன்னாலும் "கணக்குத் தாளைக் குடுங்க சார்" என்பார். வாங்கி, முதலிலிருந்து தானே போட்டுப் பார்ப்பார். எனக்கு அது நல்ல பழக்கமாகத்தான் தெரிந்தது. கடைசி வாரத்தில் ஒருநாள் அவர் ஒரு தாளைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தபோது சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"ரெண்டு வருஷமா பாக்கற. ஒருதடவையாவது என் கணக்குல தப்பு இருந்துச்சாம்மா?"

"இல்லைங்க சார். கணக்கு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"பின்ன எதுக்கு இன்னும் பாக்கற?"

அவர் பேனாவை மூடிவைத்தார். "நான் பாக்கறது கணக்குக்காக இல்லைங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பீஸை எடுத்தார்.